கூழைக்கடா ஆவடிக்கும் வரும்

“பறவை பார்க்கணும்னா வேடந்தாங்கல்தான்.”

வேடந்தாங்கலின் பெருமை பெரிது. பறவைகளைக் காக்கும் அந்த ஊராரின் உரிமையை 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸ் ஒப்புக்கொண்டார். 2022-ல் அது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் நான்கு வயதுக் குழந்தையை அம்பத்தூரிலிருந்து அவ்வளவு தூரம் காரில் உட்கார வைத்தால், போய் இறங்கும்போது அதற்குப் பசியும் தூக்கமும்தான் மிச்சம். அருகிலேயே, ஆவடி–பூந்தமல்லி சாலையை ஒட்டி, பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. சுமார் 87 ஏக்கர். 2019-ல் நடைபாதையுடன் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கூழைக்கடாவும் நீர்க்காகமும் அங்கேயே தென்படும். குழந்தை சிணுங்கினால் உடனே வீடு திரும்பலாம், அடுத்த வாரம் மறுபடி வரலாம். சிறு பிள்ளைகளுக்கு இந்த ‘மறுபடி’தான் முக்கியம்.

“பைனாகுலர் இல்லாம என்ன தெரியும்?”

ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதைக் கண்ணில் பொருத்தி, பறவை மேல் திருப்பவே வராது. வெறுங்கண்ணால் பார்க்க முக்குளிப்பானைக் காட்டுங்கள். சின்னதாக ஒரு பழுப்புப் பறவை, வால் இருப்பதே தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று முங்கிவிடும். நீர் வளையம் விரிந்து அடங்கும். எங்கே எழும்? பிள்ளைகள் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அது யாரும் காட்டாத இடத்தில் தலைநீட்டும். அதிர்ஷ்டம் இருந்தால், வரி வரியாகத் தலையுள்ள குஞ்சு தாயின் முதுகில் ஏறிப் போவதையும் பார்க்கலாம். அரைமணி நேரம் போவதே தெரியாது.

நீர்க்காகம் ஏன் கட்டைமேல் சிறகை விரித்து நிற்கிறது என்றும் கேட்பார்கள். அதன் இறகு நனையும். முங்கி மீன் பிடித்த பிறகு வெயிலில் காயவைத்துக்கொள்கிறது.

“இதெல்லாம் வெளிநாட்டுப் பறவை.”

பெரும்பாலும் இல்லை. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, வக்கா எல்லாம் இந்த நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவைதான் குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருபவை; அவை இங்கே கூடு கட்டுவதில்லை. கூட்டில் குஞ்சைப் பார்த்தால், அது நம்ம ஊர்ப் பறவை என்று பிள்ளையிடம் தயங்காமல் சொல்லலாம்.

“ஏரி நிரம்பினாத்தான் பறவை வரும்.”

பாதி உண்மை. நீருக்குள் நிற்கும் மரத்தில்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு. அதற்குத் தண்ணீர் வேண்டும். இரை தேடுவது வேறு. கொக்குக்கும் உள்ளானுக்கும் கால் ஊன்றி நிற்கிற ஆழம் போதும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் இறங்க இறங்க, கரையோரச் சேற்றில் சிவந்த நெடுங்கால்களோடு நெடுங்கால் உள்ளான் வந்து நிற்கும். பிப்ரவரியில் ‘ஏரி வத்துது’ என்று திரும்பிப் போகாதீர்கள்.

“பொரி போட்டா புண்ணியம்.”

மீனும் நத்தையும் புழுவும் தின்னும் பறவைக்குப் பொரியும் ரொட்டியும் உணவல்ல. மிஞ்சுவது தண்ணீரில் ஊறி அழுகும். வேண்டாம்.

“பச்சைப் பசேல்னு இருக்கு, ஏரி நல்லா இருக்கு.”

என்னை அதிகம் வருத்துவது இதுதான். அந்தப் பச்சை பெரும்பாலும் ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. கழிவுநீரில் வரும் சத்தை உறிஞ்சித் தழைக்கிறது. நீர்ப்பரப்பை மூடி வெளிச்சத்தைத் தடுக்கும். அடியில் மீனுக்கு மூச்சு முட்டும். அதன்மேல் இலைக்கோழி நடப்பதை வைத்து ஏரி நலம் என்று முடிவு கட்ட முடியாது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கரையில் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு “ஏன் நாறுது?” என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். நம் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக எங்கே போகிறது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் மாநகராட்சியில் இருவருமாகப் போய்க் கேளுங்கள்.