மூன்று பூஜ்யம்

அன்புத் தம்பிக்கு,

வெப்சைட் நலமாக இருக்கிறதா என்று பார்க்க நீ எழுதி அனுப்பிய பாஷ் ஸ்கிரிப்டை நிதானமாகப் படித்தேன். கர்ல், க்ரான், டெலிகிராம் பாட் எல்லாம் உனக்குக் கைவந்துவிட்டன; அவற்றைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நேராக அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

ஸ்டேட்டஸ் கோட் 500 அல்லது அதற்கு மேல் என்றால் அலெர்ட், இல்லாவிட்டால் ‘நலம்’ என்று எழுதியிருக்கிறாய். சர்வரிடமிருந்து பதிலே வராதபோது கர்ல் அந்த இடத்தில் எந்த எண்ணைத் தரும் என்று பார்த்தாயா? 000. அது 500ஐ விடச் சின்ன எண். டிஎன்எஸ் படுத்தாலும், போர்ட் மூடிக் கிடந்தாலும், சர்டிபிகேட் காலாவதியானாலும் உன் லாகில் ‘நலம்’ என்றே விழுந்துகொண்டிருக்கும்.

போதாததற்கு, பிழைச் செய்தியை டெவ்-நல்லுக்குத் தள்ளிவிட்டு, வரியின் கடைசியில் ‘ஆர் ட்ரூ’வும் போட்டிருக்கிறாய். இதை யார் எழுதினாலும் எனக்குக் கோபம் வரும். பெயருக்கு ஐபி கிடைக்காவிட்டால் எக்ஸிட் கோட் 6, இணைப்பு கிடைக்காவிட்டால் 7, நேரம் கடந்தால் 28, சர்டிபிகேட்டை ஏற்க முடியாவிட்டால் 60 என்று கர்ல் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. அதன் வாயைப் பொத்திவிட்டு நீ யாரிடம் நலம் விசாரிக்கிறாய்?

ஈதன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு நாகியோஸ் ஆன மென்பொருளில்தான் நான் இந்த வேலையைக் கற்றேன். அதன் ப்ளகின் எதுவானாலும் நான்கு எண்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. அந்த 3 என்ற எண்மேல் எனக்குத் தீராத மதிப்பு. சோதிக்கப் போனவன் சோதிக்க முடியாமல் திரும்பினால் அதை அப்படியே சொல்வதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உன் ஸ்கிரிப்டில் அந்த இடமே இல்லை. தெரியாததையெல்லாம் நலத்தில் சேர்த்துவிட்டாய்.

அந்தக் காலத்தில் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் அலெர்ட்டெல்லாம் எஸ்எம்எஸ்ஸாக வரும். சர்வரின் பின்னால் ஒரு ஜிஎஸ்எம் மோடம், அதற்குள் ப்ரீபெய்ட் சிம். ஒருநாள் இரவு அந்த சிம்மின் வேலிடிட்டி முடிந்துபோனது. அதே இரவு டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பியது. நாகியோஸ் தன் கடமையைச் செய்தது. செய்தி மோடத்தைத் தாண்டவில்லை. காலையில் வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு, பிரச்சினை எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு எஸ்எம்எஸ் வரும்படி வைத்தோம். வரவில்லையென்றால் ஒருவர் சர்வர் ரூமுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தெருவில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவது திருடனுக்காக மட்டுமல்ல, தான் விழித்திருப்பதை வீட்டுக்காரருக்குச் சொல்லவும்தான். உன் ஸ்கிரிப்ட் அந்த விசிலை ஊதுவதே இல்லை. நாளைக்கு க்ரான் நின்றுபோனால் உனக்கு எப்படித் தெரியும்?

இது சின்ன அலுவலகத்துக் கதை என்று தள்ளிவிடாதே. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸின் கோப்புகள் தவறுதலாக அழிந்தன. பேக்கப்பைத் தேடிப் போனால் அது இருக்கவேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2, அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல க்ரான் அனுப்பிய மெயில்களையும் டிமார்க் சரிபார்ப்பில் தேறவில்லை என்று மெயில் சர்வர் திருப்பிவிட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. இதை அவர்களே முழுமையாக எழுதி வெளியிட்டார்கள். தேடிப் படி.

இன்னொன்று, உன் அலெர்ட் வாசகம். ‘சைட் டவுன்’, கூடவே மூன்று ஆச்சரியக்குறி. இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுபவனுக்கு அதில் என்ன இருக்கிறது? எந்த முகவரியைக் கேட்டாய், எதை எதிர்பார்த்தாய், என்ன வந்தது, எப்போதிலிருந்து? இந்த நான்கையும் எழுது. ஆச்சரியக்குறியை எடுத்துவிடு.

200 வந்தாலே திருப்திப்படுவதையும் விடு. டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும்போதே அழகான மன்னிப்புப் பக்கத்தை 200 போட்டு அனுப்பும் அப்ளிகேஷன்கள் ஏராளம். பக்கத்துக்குள் ஒரு சொல்லையாவது தேடிப் பார். கர்லுக்கு மொத்த நேர வரம்பும் வை; அதுவாக வைத்துக்கொள்ளாது.

இவ்வளவு திட்டிவிட்டேன், ஆனால் அந்த நேரக் கணக்கு! டிஎன்எஸ்ஸுக்கு எவ்வளவு, இணைப்புக்கு எவ்வளவு, டிஎல்எஸ்ஸுக்கு எவ்வளவு, முதல் பைட் வர எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருக்கிறாயே, அதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று யார் வந்து சொன்னாலும் எங்கே ஸ்லோ என்று நீ விரல் வைத்துக் காட்டலாம். உன் வயதில் இப்படி யோசித்தவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதியில் ஓர் எழுத்தையும் மாற்றாதே.

மற்றதைத் திருத்தி வரும் வாரம் அனுப்பு. அனுப்பும் முன் சோதனைச் சர்வரில் டேட்டாபேஸை நிறுத்திப் பார், டிஎன்எஸ் பெயரை மாற்றிப் பார், க்ரானையும் நிறுத்திப் பார். ஒவ்வொன்றிலும் உன் போனுக்கு என்ன வந்தது என்ற லாகும் கூடவே வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்