அடுத்த போகத்துக்கான பணத்தை எங்கே வைப்பது?

பெரும்போக நெல்லையோ காய்கறியையோ விற்ற பணத்தில் ஒரு பகுதி, சிறுபோக விதைக்கும் உரத்துக்கும் சில வாரங்களில் தேவைப்படும். புதிதாகச் சேமிக்கும் கமக்காரர் அதனைக் கொண்டு கொழும்புப் புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் நகை வாங்குதல் தகாது. விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பக் கிடையா. அன்று பொன்விலை இறங்கியிருப்பின் நட்டம் மேலும் பெருகும்.

குறுகிய காலச் சேமிப்புக்கு இலாபத்தினும் காவலே முதன்மையானது. 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சேமிப்பு வங்கியில் இடும் வைப்புக்கு அரசாங்கமே பிணை நிற்கின்றது. விதைப்புச் செலவுக்கான பணத்தை அங்கே சேமிப்புக் கணக்கில் இடுக. பின்னர் வேண்டியதை நிலையான வைப்பில் இடலாம். ஆயின் அதன் தவணை, செலவு வரும் நாளுக்கு முன்னரே முடிதல் வேண்டும். இடையில் எடுத்தால் வட்டி குறையும்.