வீட்டுக் காமிராவைக் கணினியில் காண்பது எப்படி?

கடைக்குப் பூட்டு வாங்கும் நாம் சாவியை அதிலேயே தொங்கவிட்டு வருவதில்லை. வீட்டுக் காவல் காமிரா விஷயத்திலோ நம்மவர் பலர் அப்படித்தான் செய்கின்றனர்.

ஆகவே முதற் பாடம் இது: தொழிற்சாலை இட்டனுப்பிய கடவுச்சொல்லை உடனே மாற்றுக. அவ்விதம் மாற்றாது விட்ட காமிராக்களை 2016-ல் ‘மிராய்’ என்னும் நச்சுநிரல் பெருந்தொகையில் கைப்பற்றியது. 2020-ல் சிங்கப்பூர் வீடுகளின் காமிராப் படங்களும் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டன. நம் வீட்டாரின் மானம் சந்தைச் சரக்காகலாமா?

இனி, காணும் முறை. காமிராவையும் மேசைக் கணினியையும் வீட்டிலுள்ள ஒரே ரௌட்டரில் இணைக்க வேண்டும். காமிரா ‘ஆர்.டி.எஸ்.பி.’ முறைக்கு இசைவதாயின், ‘வி.எல்.சி.’ என்னும் இலவச மென்பொருளைத் திறந்து, ‘மீடியா’ பட்டியலில் ‘ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்’ என்பதைத் தெரிந்து, காமிராக் கையேட்டில் கண்ட முகவரியை இடுக, படம் ஓடும். இதற்குரிய வழக்கமான போர்ட் எண் 554.

கடையிலிருந்து காண விரும்புவோர் அந்தப் போர்ட்டை ரௌட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடலாகாது. ‘வி.பி.என்.’ வழியாக வீட்டு இணைப்புக்குள் நுழைந்து காண்பதே காப்பு.

வீட்டை நாம் காணப் பொருத்திய கண், பிறர் காணும் சன்னலாகிவிடக் கூடாது. இன்றிரவே கடவுச்சொல்லை மாற்றுவோமாக.