குடியியற் கல்வி: 18 வயதும் இயலாமையுடையோரும்

வினா: திருகோணமலையில் வசிக்கும் பார்வையற்ற மாணவி ஒருவர் 18 வயதை அடைகிறார். அவரது சட்ட நிலையில் ஏற்படும் மாற்றங்கள் எவை?

விடை:

1. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பராயமடைந்தவர். பெற்றோரின் பாதுகாவலுரிமை முடிவடைகிறது. ஒப்பந்தங்களில் அவரே கையொப்பமிடலாம்.

2. வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதியலாம். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, உரிய சான்றிதழுடன், தாம் தெரிவுசெய்யும் உதவியாளருடன் சென்று வாக்களிக்கலாம்.

3. வேலைக்கு விண்ணப்பித்தால், இயலாமையைக் காரணங்காட்டிப் பாரபட்சம் காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

கவனிக்க: "அவருக்காகப் பெற்றோரே தீர்மானிப்பர்" எனப் பல மாணவர் எழுதுவர். அது பிழை. பார்வையின்மை தீர்மானிக்கும் உரிமையைப் பறிக்காது. உளநலக் குறைவால் சொத்தை நிர்வகிக்க இயலாதவருக்கும் மாவட்ட நீதிமன்றமே நிர்வாகியை நியமிக்க வேண்டும்.

நினைவிற் கொள்க: உதவுபவர் வேறு, தீர்மானிப்பவர் வேறு.