கைவினைப் பொருளும் இணையவழிச் சந்தையும்

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிய காலத்தில், கைவினைப் பொருள் எது என்னும் வினா பெரிதாக எழவில்லை. நெசவின் அழுத்தத்தையும் சாயத்தின் தன்மையையும் வாங்குபவரே தொட்டறிந்தார். இணையவழிச் சந்தையில் அவர் காண்பவை நிழற்படமும் சில வரி விளக்கமுமே. ஆகவே, கைவினைப் பொருளை வரையறுக்கும் முறையைச் சார்ந்தே கைவினைஞரின் வருவாயும் அமைகிறது.

சட்டம் கூறும் வரையறை

விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என 1985-ஆம் ஆண்டின் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் கூறுகிறது. கைவினைப் பொருளுக்குரிய தன்மைகளைச் சரக்கு-சேவை வரி அறிவிக்கை ஒன்று 2018-இல் வகுத்தது. பொருளின் பெரும்பகுதி வேலை கையால் நடைபெற்றிருத்தல் வேண்டும். ஓரளவு இயந்திரம் பயன்பட்டிருப்பினும் தடையில்லை. அலங்கார வேலைப்பாடு கணிசமாக இருத்தல் வேண்டும். அதே பயனுடைய இயந்திரப் பொருளினின்று வேறுபடுத்தும் கலைக்கூறோ பண்பாட்டுக்கூறோ இருத்தலும் வேண்டும்.

போச்சம்பள்ளி காட்டும் உண்மை

தெலங்கானாவின் போச்சம்பள்ளி இக்கத் சேலையை எடுத்துக்கொள்வோம். நெய்வதற்கு முன்பே, வகுத்த உருவத்திற்கேற்ப நூலை இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கின்றனர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு நிறத்திற்கும் இவ்வேலை மீண்டும் நிகழ்கிறது. சாயமேறிய நூலைத் தறியில் ஒழுங்குபடுத்தி நெய்யும்போது உருவம் வெளிப்படுகிறது. உருவத்தின் ஓரம் சற்றே கலங்கியிருக்கும். துணியின் இருபுறமும் அது தெரியும். அச்சிட்ட துணியிலோ பெரும்பாலும் ஒரு புறமே நிறம் அழுத்தமாக இருக்கும்.

நிழற்படத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. மலிவான அச்சுத்துணிக்கு அருகில் நெசவாளரின் விலை மிகையாகத் தோன்றுகிறது. போச்சம்பள்ளி இக்கத் 2004-05-இல் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் ‘இக்கத்’ என்பது பல நாடுகளில் வழங்கும் நெசவு முறையின் பொதுப்பெயர். ஊர்ப்பெயரோடு சேர்ந்த பெயருக்கே சட்டக்காப்பு உண்டு.

விற்பவர் செய்யத்தக்கவை

‘அழகிய’, ‘பாரம்பரிய’ என்னும் அடைமொழிகளை இயந்திரப் பொருளை விற்பவரும் எழுத இயலும். கைவினைஞர் செய்முறையையே எழுதுதல் நன்று: எந்த நூல், எந்தச் சாயம், எவ்வேலை கையால், எவ்வேலை இயந்திரத்தால், எத்தனை நாள். துணியின் பின்புறப் படமும் இன்றியமையாதது. கைவேலையில் இயல்பாக நேரும் சிறு மாறுபாடுகளையும் நிறவேறுபாட்டையும் முன்னரே தெரிவித்தால், பொருள் திருப்பியனுப்பப்படுவது குறையும். 2006-இல் அறிமுகமான கைத்தறி முத்திரைக்குத் தகுதியுடையோர் அதனையும் காட்டலாம்.

நிருவாகத்தின் பங்கு

1.10.2023 முதல், வரிப்பதிவு பெறாத சிறு விற்பனையாளரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு மின்வணிகத் தளங்களில் பொருள் விற்கலாம். ஆயினும் இச்சலுகை மாநில எல்லைக்குட்பட்ட விற்பனைக்கே உரியது. போச்சம்பள்ளி நெசவாளர் ஐதராபாத்திற்கு விற்பதும் டெல்லிக்கு விற்பதும் இதனால் வேறுபடுகின்றன. மத்திய ஜவுளி அமைச்சகமும் 2023-இல் கைவினைஞருக்கென ‘இந்தியா ஹேண்ட்மேட்’ என்னும் தளத்தைத் தொடங்கியது.

தளங்களில் பெயர் பதிவு செய்த கைவினைஞரின் எண்ணிக்கை மட்டும் வளர்ச்சிக்கு அளவுகோலாகாது. தம் வேலையைத் தாமே விளக்கவும், செலவிட்ட நாள்களுக்கேற்ப விலை கூறவும் அவர்களுக்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். உரிய விலை கிடைக்கும் தொழிலையே அடுத்த தலைமுறை விரும்பிக் கற்கும்.