உதடு பிளந்த குழந்தைக்குப் பாலூட்டுவது எப்படி?



சில குழந்தைகள் மேலுதடோ மேலண்ணமோ பிளந்து பிறக்கின்றன. கருவில் முகம் உருவாகும் முதல் மூன்று மாதங்களிலேயே இப்பிளவு ஏற்பட்டுவிடுகிறது. இதைக் கிரகணத்தின் வேலை என்றும், கர்ப்பிணி வெளியே வந்ததால் வந்த வினை என்றும் சொல்லித் தாயைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மரணித்த நாளில் கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபியவர்கள் தெளிவாக்கினார்கள். எனவே அந்தத் தாயை விசாரிக்கும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை.

உண்மையான ஆபத்து பசிதான். அண்ணம் பிளந்த குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. நெடுநேரம் சப்பிக் களைத்துத் தூங்கிவிடும். குடித்துவிட்டது என்று நாம் நினைப்போம். எடை குறையும், அறுவை சிகிச்சையும் தள்ளிப்போகும்.

கவனிக்க வேண்டியவை:

1. உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் நேரடியாகவே தாய்ப்பால் குடிக்கும். அண்ணமும் பிளந்திருந்தால் தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையிலோ கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

2. படுக்க வைத்து ஊற்றாதீர்கள். தலை உயர்ந்து, உட்கார்ந்த வாக்கில் பிடித்துக் கொடுங்கள்.

3. இக்குழந்தைகள் காற்றை அதிகம் விழுங்கும். இடையிடையே தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள்.

4. மூக்கு வழியே சிறிது பால் வந்தால் நிறுத்தி, துடைத்து, பிறகு தொடருங்கள். மூச்சுத் திணறினாலோ உடல் நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

5. வாரந்தோறும் எடை பாருங்கள்.

6. சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைக்காதீர்கள். ஒரு வயது வரை தேன் எந்தக் குழந்தைக்கும் ஆகாது. தஹ்னீக் செய்வதானால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதட்டுக்கு வழக்கமாக 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்திலும் அறுவை சிகிச்சை செய்வார்கள். பின்பு காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படலாம், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரை இதற்கு இலவச சிகிச்சை உண்டு. கோவை அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள்.

ஊர் பார்வைக்கு அஞ்சிக் குழந்தையை அறைக்குள் மறைக்காதீர்கள். மற்றப் பிள்ளைகளைப் போலவே ஏழாம் நாள் பெயர் சூட்டி, வசதியிருந்தால் அகீகாவும் கொடுங்கள். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு உடன் வருகிறோம். உங்கள் பெயர் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.