நீலத்துக்கு ஒரு மின்துடிப்பு

சுருள்பாசி வளர்த்து விற்கிறேன். அதிலுள்ள நீல நிறமியை மின்சாரத்தால் பிரிக்கலாம் என்கிறார்கள். பாசி வெந்துபோகாதா? வீட்டு கரன்ட் போதுமா?
– வாசகர், சிவகங்கை

வேகாது. பாய்வது தொடர் மின்சாரம் அல்ல. சில மைக்ரோ விநாடிகளே நீடிக்கும் துடிப்புகள். ஆனால் சென்டிமீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட் வீரியம். அந்த அதிர்ச்சியில் செல்லின் சவ்வில் நுண்துளைகள் விழும். பிறகு பாசியைச் சில மணி நேரம் நீரில் ஊறவிட்டால், நீரில் கரையும் நீல நிறமியான ஃபைகோசயனின் மெல்ல வெளியே கசியும். நீரில் கரையாத பச்சையம் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அரைவை இயந்திரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிடும். இங்கே அந்தத் தலைவலி குறைவு.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பாசி ஈரமாக, புதிதாக இருக்க வேண்டும். காய்ந்த பொடியில் சவ்வு ஏற்கெனவே கிழிந்திருக்கும், மின்துடிப்புக்கு வேலையில்லை. வளர்ப்புத் தொட்டியின் உப்பை நன்றாகக் கழுவுங்கள். உப்பு மிகுந்தால் மின்சாரம் வீணாக வெப்பமாக மாறும்; 45 டிகிரியைத் தாண்டினால் நீலம் வெளிறத் தொடங்கும்.

வீட்டு கரன்ட்டா? பிளக்கில் ஒயரைச் சொருகி வாளியில் விட்டால் நிறமி வராது, ஆம்புலன்ஸ்தான் வரும்! இதற்கான துடிப்புக் கருவி விலை அதிகம். சிறு அளவுக்கு, ஈரப் பாசியை உறையவைத்து உருக்குவதை இரண்டு மூன்று முறை செய்தாலே நீலம் இறங்கும். விற்கும்முன் தூய்மையைச் சோதியுங்கள்: 620, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல்களின் விகிதம் 0.7-ஐத் தொட்டால் உணவுத் தரம்.